துட்டி வீட்டில் சட்டம் பேசியவர்

எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு உட்காரவே வராது. காபி டம்ளரைக் கையில் வாங்கிய மறு நிமிஷம் எழுந்துவிடுவார். ஒரு வாய் குடித்துக்கொண்டே வாசல்வரை போவார், அடுத்த வாய்க்குத் தோட்டத்துப் பக்கம் திரும்புவார். பேச்சு மட்டும் நிற்காது. காலி டம்ளரை எங்கே வைத்தார் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. எங்கள் வீட்டு டம்ளர் ஒன்றைக் கிணற்று மோட்டார் ரூமில், ஸ்டார்ட்டர் பெட்டி மேலிருந்து எடுத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம். கட்சியையும் கேட்காதீர்கள். அவர் எந்தக் கட்சி என்று அவர் கட்சிக்காரர்களுக்கே அடிக்கடி சந்தேகம் வரும். தன்னை ஆதரிக்கிறவனைக் கண்டால் அந்த மனுஷனுக்குப் பொறுக்காது. "நீங்க சொன்னாச் சரிதாண்ணே" என்று யாராவது கும்பிட்டால் முகம் சுண்டிப்போகும். "இல்லண்ணே, நீங்க சொல்றது தப்பு" என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும், அவன் தோளில் கையைப் போட்டுத் தனியே இழுத்துக்கொண்டு போய்விடுவார். கூட வந்த ஆட்கள் காருக்குள் வெந்துகொண்டு கிடப்பார்கள்.

"சோத்த அப்பறம் போடலாம்த்தா, மொதல்ல குத்தத்தச் சொல்லுங்க." எங்கள் வீட்டுப் படியேறும்போதே இப்படித்தான் கேட்டுக்கொண்டு ஏறுவார்.

குற்றம் எதில் என்றால், அவர் போட நினைத்த சட்டத்தில். காற்றிலும் வெயிலிலும் கரண்டு எடுக்க வேண்டும், நிலக்கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டொழிக்க வேண்டும், காலம் தப்பிப் பெய்கிற மழையில் பயிர் போனால் அதிகாரி மனசு வைக்கிறவரை காத்துக்கிடக்காமல் நிவாரணம் கைக்கு வர வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து ஒரு மசோதா எழுதி, கட்சி சொன்னாலும் சொல்லாவிட்டாலும் தன் பெயரிலேயே சட்டசபையில் கொண்டுவருவது என்று அலைந்தார். எழுதி வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராகப் போய் "இதுல என்ன குத்தம்?" என்று கேட்டார். கேட்கப் போன இடத்தைத்தான் சொல்ல வேண்டும்.

துட்டி வீட்டில் கேட்டார்.

துட்டி என்றால் எங்கள் பக்கம் சாவு வீடு. கல்யாண வீட்டில் மனுஷன் நிற்பதில்லை. மொய் எழுதினான், சாப்பிட்டான், பஸ் பிடித்தான். துட்டி வீடு அப்படியில்லை. தூக்குகிறவரை யாரும் எழுந்து போக முடியாது. தெருவை அடைத்துப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, உள்ளே பெண்கள் அழுகை, வெளியே ஆண்கள் மழையையும் விலைவாசியையும் பேசிக்கொண்டு கிடப்பார்கள். மற்ற அரசியல்வாதிகள் மாலையைப் போட்டோமா, கும்பிட்டோமா, கார் ஏறினோமா என்று போய்விடுவார்கள். இவர் நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, "மாமா, காத்துல கரண்டு எடுக்குற காத்தாடி வேணாம்னு நீங்கதான் மனு குடுத்தீகளாமே, ஏன் வேணாங்கிறீக?" என்று ஆரம்பித்துவிடுவார். பாவம், மாமா எங்கே ஓடுவார்?

"இன்னுங் கொஞ்ச நேரம் விட்டா பொணத்துக்கிட்டயும் கருத்துக் கேப்பாரு" என்று ஊரில் சிரிப்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. ஏனென்றால் நான் அவரை முதலில் பார்த்தது என் மாமனார் துட்டியில்.

எங்கள் தோட்டம் காமயகவுண்டன்பட்டிக்கு வெளியே. கல்பந்தல் தோட்டம். கல்லை ஊன்றி, மேலே கம்பி இழுத்து, கொடியை ஏற்றிப் பன்னீர் திராட்சை. அந்தக் கல்லெல்லாம் மாமனார் இளந்தாரியாக இருந்தபோது ஆள் வைத்து ஊன்றியது. நான் தாவரவியல் பட்டம் வாங்கிவிட்டு அங்கே வாழ்க்கைப்பட்டவள். படித்ததை விட அவரிடம் திட்டு வாங்கிக் கற்றது அதிகம். அவர் படுக்கையில் கிடந்தபோதுதான் காற்றாலைக் கம்பெனி ஆட்கள் வந்து, தோட்டத்து நடுவில் வரிசையாகக் கல்லில் சிவப்புப் பெயிண்டு அடித்துவிட்டுப் போனார்கள். காற்றாலைக் கரண்டைக் கொண்டுபோக டவர் லைன் அந்த வழியாக வருமாம். லைனுக்கு அடியில் கம்பிப் பந்தல் இருக்கக் கூடாதாம், கம்பியில் கரண்டு ஏறுமாம். தோட்டத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிற கணக்கு. மாமனாரிடம் நாங்கள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

அவர் போய்ச் சேர்ந்தார். நான் உள்ளே பெண்களோடு அழுதுகொண்டிருக்கிறேன். வெளியிலிருந்து ஒரு குரல் கேட்கிறது: "காத்துல கரண்டு எடுத்தா யாருக்கு நட்டம்? சொல்லுங்க, யாருக்கு நட்டம்?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ. மூக்கைச் சிந்திவிட்டு, தலைவிரி கோலமாக ஆண்கள் உட்கார்ந்திருக்கிற பந்தலுக்கே வந்துவிட்டேன்.

"எனக்கு நட்டம்! உள்ள கெடக்குறாகளே, அவுக ஊனுன கல்லுல செவப்புப் பெயிண்டு அடிச்சு வச்சிருக்கான். நல்ல வேள, அதப் புடுங்குறதப் பாக்காமப் போய்ச் சேந்தாக!"

என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏய், உள்ள போ" என்றார். அவர் சத்தம் போட்டுப் பேசியே ஊரில் யாரும் கேட்டதில்லை. அன்றைக்கும் எனக்கு மட்டும்தான் கேட்டது.

எம்.எல்.ஏ. நின்ற இடத்திலேயே முழுசாக என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கத்தா. இன்னுஞ் சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? எங்க தலைக்கு மேல காத்தாடி சுத்துது, எங்க வீட்டுல ராத்திரி கரண்டு இல்ல. சரி, இம்புட்டும் போடுறீகளே, இங்கன காத்தாடி சுத்துனா மழ நேரத்துக்குப் பேஞ்சுருமா?"

"பெய்யாது" என்றார். எனக்குத் திக்கென்றது. அரசியல்வாதி வாயில் இல்லை என்ற சொல்லை நான் கேட்டதில்லை. "பெய்யாதுத்தா. ஒலகம் பூராம் பொகைய விடுறான், நம்ம ஒரு ஆளு நிறுத்துனா மழ திருந்தாது. ஆனா ஊரே தீப்புடிச்சு எரியிறப்ப, என் ஒத்தக் கொடத்துத் தண்ணியில அணைஞ்சுருமானு கேட்டுக்கிட்டு நிக்கிறவன நீங்க என்ன சொல்லுவீக?"

"கொடமும் என்னுது, கெணறும் என்னுது. என்னக் கேக்காம எடுத்துட்டுப் போயி ஊத்திட்டு, தீய அணச்சது நான்தான்னு நீங்க மால போட்டுக்குவீக. அதச் சொல்லுங்க!"

உள்ளே ஒப்பாரி வைத்த பெண்கள் எழுந்து வாசலுக்கு எட்டிப் பார்த்தார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கொட்டுக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள், தூக்குகிற நேரம் வந்தது. எல்லாம் முடிந்து கிளம்பும்போது, அந்த மனுஷன் இருந்த யோசனையில், கையைக் கும்பிட்டு, "போயிட்டு வாரேன்த்தா" என்று சொல்லிவிட்டார்.

துட்டி வீட்டில் அந்த வார்த்தை சொல்லலாமா? சொல்லாமல் எழுந்து போக வேண்டும். வருகிறேன் என்றால் அடுத்த சாவுக்கு வருகிறேன் என்றல்லவா ஆகிவிடும்? பெருசுகள் நாக்கைக் கடித்துக்கொண்டன. என் நாத்தனார் தெரு மண்ணை அள்ளித் தூற்றப் போய்விட்டாள். சட்டம் போடுகிற ஆளுக்குச் சின்னப் பிள்ளைக்குத் தெரிந்தது தெரியவில்லையே என்று ஊரெல்லாம் பேச்சு.

மறுநாள் காலையில் வந்து நிற்கிறார். கருமாதி முடியாத வீடு, அடுப்புப் பற்றவைக்கவில்லை.

"நேத்து பாதியில விட்டுட்டம்த்தா. வாய் தவறிப்போச்சு, மன்னிச்சுக்கங்க. ஆனா சொன்னபடி வந்துட்டேன் பாருங்க." சிரிக்கவில்லை, நிஜமாகவே சொன்னார். "அந்தக் கொடத்துக் கதைய மறுபடி சொல்லுங்க."

அன்றையிலிருந்து நான்தான் அவருக்கு எதிர்க்கட்சி. மாதம் தப்பாமல் வருவார். வந்தால் திராட்சைப் பந்தலுக்குள் ஒவ்வொரு கல்லாகத் தொட்டுத் தொட்டு நடந்துகொண்டே, புதிதாக எழுதியதைச் சொல்வார். நான் திட்டுவேன். திட்டத் திட்ட அவருக்கு முகம் தெளியும். பாக்கெட்டில் போன் அடித்துக்கொண்டே இருக்கும். பேச்சுக்கு இடைஞ்சல் என்று பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள் கையில் கொடுத்துவிடுவார். ஒரு தடவை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டார். இவர் பவ்வியமாக, "ஐயா, எம்.எல்.ஏ. கொடி பாத்துக்கிட்டிருக்காக, அப்பறமாக் கூப்புடுங்க" என்று வைத்துவிட்டார். எதிர்முனையில் மந்திரி. இரண்டு நாள் என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

என் குடத்துச் சண்டையிலிருந்து அவர் ஒரு சரத்து எழுதினார். ஊர்க் கூட்டத்தில் சம்மதம் வாங்காமல் காற்றாலையும் வைக்கக் கூடாது, டவரும் ஊன்றக் கூடாது. அவ்வளவுதான், இரண்டு வரி. "ஒங்க சரத்து" என்றுதான் அதைச் சொல்வார். வரும்போதெல்லாம், "ஒங்க சரத்து பத்திரமா இருக்குத்தா" என்பார். சிவப்புப் பெயிண்டு வெயிலில் வெளுத்துக்கொண்டே வந்தது. நானும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் பயமில்லாமல் நடக்க ஆரம்பித்தேன்.

அலைச்சல் என்றால் சும்மா அலைச்சல் இல்லை. பெட்ரோல் கார் வேண்டாம் என்று ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினார். அதில் சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறுகிறேன் என்று கிளம்பி, பாதி மலையில் சார்ஜ் தீர்ந்து வளைவில் நின்றுவிட்டது. எஸ்டேட் ஜீப் ஒன்று வந்து, ஸ்கூட்டரைக் கயிற்றால் ஜீப் மேலே கட்டி, இவரையும் பின்னால் ஏலக்காய் மூட்டைகளோடு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. ஜீப்பில் கூட இருந்த, எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டின லைன் வீடுகளில் குடியிருக்கிற கூலிக்காரப் பெண்கள் சிரித்த சிரிப்பு எஸ்டேட் முழுக்கக் கேட்டதாம். வேறு ஆளாக இருந்தால் போனை எடுத்து யாரையாவது வேலையிலிருந்து தூக்கச் சொல்லியிருப்பான். இவர் அந்தப் பெண்களிடம், "சிரிங்க, சிரிச்சுட்டு இந்த வண்டி ஏன் ஆகாதுன்னு சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிட்டார்.

அவர்கள் சும்மா விடவில்லை. "கீழ வரிசையாக் காத்தாடி சுத்துறது எங்க லைன் வீட்டு வாசல்ல நின்னாத் தெரியுது. ஒரு மரம் வுழுந்தா எங்களுக்கு வாரம் பூராம் இருட்டு. பாக்குறதுக்கு மட்டும் எங்களுக்குக் கரண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். கரண்டு எடுக்கிற இடத்துக்குப் பக்கத்து ஊர்களுக்கு முதல் பங்கு என்று ஒரு சரத்து அன்றைக்குத்தான் சேர்ந்தது. என்னிடம் வந்து சொல்லும்போது அந்தப் பெண்கள் மாதிரியே கையை ஆட்டிப் பேசிக் காட்டினார். "பெரிய பெரிய ஆளெல்லாம் புஸ்தகத்தக் குடுக்குறான்த்தா. அதுல இது இல்லயே!"

பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாகவும் வரும், பிரியமாகவும் வரும். சொந்த அண்ணன்கூட என் பேச்சை இவ்வளவு காது கொடுத்துக் கேட்டதில்லை. அதை ஏன் மறைக்க வேண்டும்?

இந்தப் பக்கத்து மழை கெட்டுப்போனதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திராட்சைக் கொடியைக் கழித்துக் கவாத்து அடித்து, அன்றையிலிருந்து நாள் கணக்குப் பார்த்தால் இன்ன காலத்தில் பழம் என்று தெரியும். அந்தக் கணக்கைத்தான் தலைமுறையாகப் பிடித்துக்கொண்டு வந்தோம். இப்போது பழம் கண்ணாடியாக நிற்கிற நேரம் பார்த்து மழை ஊற்றுகிறது. ஒரே ஒரு நாள் ஊற்றினால் போதும், பழமெல்லாம் வெடித்து ஈ மொய்க்கும். வியாபாரி லாரியைத் திருப்பிக்கொண்டு போவான். பழம் வெடித்த தோட்டத்துக்குள் நின்றால் சாராய வாடை அடிக்கும். நிவாரணம் கேட்டு மனு கொடுத்தால், இது வெள்ளமும் இல்லை, வறட்சியும் இல்லை, எந்தக் கணக்கிலும் வராது என்பார்கள். அவருடைய சட்டம் இதை ஒரு கணக்கில் கொண்டுவந்தது. அதனால்தான் அவரைத் திட்டிக்கொண்டே அந்தச் சட்டம் வந்துவிட வேண்டும் என்று சாமிக்கு நேர்ந்துகொண்டேன்.

அப்போதுதான் ஒருநாள் காலையில் வந்தார். கவாத்து நடந்துகொண்டிருந்தது, தோட்டமெங்கும் வெட்டிய கொடி. கொடியை மிதித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். போனை அணைத்து வைத்திருந்தார்.

"கவருமெண்டே எடுத்துக்குறேங்குதுத்தா. அவுக மசோதாவாவே கொண்டுவந்து நிறைவேத்துறாகளாம். மழை நிவாரணம், ஊருக்குப் பங்கு, எல்லாம் அப்படியே."

"நல்லதுதானண்ணே! அதுக்கு ஏன் எழவு வுழுந்த மாதிரி வாறீக?"

"ஒரு சரத்த மட்டும் எடுக்கச் சொல்றாக."

எந்தச் சரத்து என்று நான் கேட்கவில்லை. கத்தரியை அடுத்த கொடியில் வைத்து வெட்டினேன்.

"ஊரு ஊருக்குச் சம்மதம் கேட்டா லைன் போயிச் சேராதுங்குறாக. எடுக்க மாட்டேன்னா, எம் பேருல கொண்டு வந்து, ரெண்டு நிமிசம் பேசிட்டு, உக்காந்துர வேண்டியதுதான். ஒண்ணும் நடக்காது. எடுத்தா இந்தப் பள்ளத்தாக்குல அத்தன பேருக்கும் நிவாரணம். நீங்க என்ன சொல்றீக?"

"ஏண்ணே, என் கழுத்த அறுக்குறதுக்கு எங்கிட்டயே கத்தி கேக்குறீகளா?"

"ஆமாத்தா. வேற யாருகிட்டப் போயிக் கேப்பேன்?"

அந்தப் பதிலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏமாற்றியிருந்தால் நல்லது. கையெழுத்துப் போட்டுவிட்டு ஒளிந்துகொண்டிருந்தால், நாலு நாள் சாபம் விட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். வாசலில் வந்து நின்று கேட்கிற ஆளை என்ன செய்வது? வேலைக்கு வந்த ஆட்கள் எல்லாரும் கவாத்தை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குச் சின்னச் சின்னத் தோட்டம் உண்டு, போன மழையில் எல்லாம் போனவர்கள்.

"முடிவு ஒங்களுது. ஓட்டுப் போட்டது அதுக்குத்தான். என் தலையில வைக்காதீக" என்றேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது. "எடுத்தீகனா இந்தப் படி ஏறாதீக."

அவர் போய்விட்டார். சட்டசபையில் பேசிய துண்டை யாரோ போனில் அனுப்பினார்கள். வீட்டுக்காரரும் நானும் அடுக்களையில் நின்று பார்த்தோம். நன்றாகப் பேசினார், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். வெடித்த திராட்சையைப் பற்றிப் பேசினார், மேகமலைப் பெண்களைப் பற்றிப் பேசினார். கடைசியில், "என் தொகுதியிலே ஓர் அம்மா என்னைக் கேட்டார்கள். குடமும் எங்களுடையது, கிணறும் எங்களுடையது, தீயை அணைத்த பெருமை மட்டும் உங்களுக்கா என்று. அதனால்தான் ஊருக்குப் பங்கு கேட்கிறேன்" என்றார். எல்லாக் கட்சிக்காரர்களும் மேசையைத் தட்டினார்கள்.

மசோதா நிறைவேறியது. அந்த இரண்டு வரி அதில் இல்லை. பங்கு உண்டு, சம்மதம் கிடையாது. என் வாய்ச்சொல்லை வைத்தே என் தோட்டத்தை வாங்கிவிட்டார். அடுப்பில் இருந்த பாலை அப்படியே கவிழ்த்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

டவர் வேலைக்கு ஆட்கள் வந்த அன்றைக்கு அவர்களுக்கு முன்னாலேயே வந்து நின்றது அவர்தான். படியேறவில்லை, நான் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தோட்டத்து வேலியோரம் நின்றார். வரப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தார். பழம் வெட்டி முடிகிறவரை வேலையைத் தள்ளிப்போட வைத்ததும் அவர்தான் என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் கேட்காத மாதிரி இருந்தேன். கம்பியை அறுத்தார்கள். கொடி பொத்தென்று விழுந்தது. கல்லைப் புல்டோசர் ஒவ்வொன்றாகச் சாய்த்தது. சாய்கிற ஒவ்வொரு கல்லுக்கும் அவர் நின்று பார்த்துவிட்டு மறுபடி நடந்தார். வெயில் ஏறியதும் செம்பில் தண்ணீர் கொடுத்தனுப்பினேன், எதிராளியானாலும் தண்ணீர் கொடுக்காமல் இருக்க முடியுமா? பேச்சு மட்டும் கொடுக்கவில்லை.

அதற்கடுத்த பருவத்தில், பழம் நிறம் ஏறி நிற்கும்போது மழை கொட்டியது. மிச்சமிருந்த தோட்டத்திலும் பழம் வெடித்தது. ஆனால் இந்தத் தடவை அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், எழுதினார்கள், நிவாரணமும் வந்தது. காமயகவுண்டன்பட்டியில் பழம் வெடித்த வருஷத்திலும் ஒரு தோட்டக்காரன் முதல் தடவையாக வட்டிக்காரன் வீட்டுக்குப் போகாமல் தப்பித்தான். எங்களுக்கும் வந்தது. வாங்கிக்கொண்டேன். வாங்காமல் என்ன செய்ய?

தேர்தல் வந்தபோது கட்சி வேறு ஆளை நிறுத்தியது. லைன் போன ஊர்களிலெல்லாம் அவருக்குச் சாபம். நிவாரணம் வாங்கின ஊர்களில் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை, நல்லது நடந்தால் அது தானாக நடந்தது என்றுதானே நினைப்பார்கள்.

போன வாரம் கம்பம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர், அவர் தென்னந்தோப்பிலும் லைன் போயிருக்கிறது, என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார். "அந்த ஆளு வெளங்குவானா? சட்டம் போட்டானாம் சட்டம். எவன் வீட்டுல கரண்டு எரியிறதுக்கோ எந் தோப்பு." சுற்றி நாலு பேர் ஆமாம் போட்டார்கள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ, பிடித்துக்கொண்டேன். "ஏண்ணே, போன மழைக்கு ஒங்க தம்பி நிவாரணம் வாங்குனாகளா இல்லயா? மொத்தமாப் பொகைய விட்டுக்கிட்டே போனா அடுத்த மழைக்கு ஒங்க பேரன் என்ன பண்ணுவான்? காத்துல கரண்டு எடுக்காம வேற எங்க எடுக்கச் சொல்றீக?" ஊருக்குப் பங்கு, லைன் வீட்டுக்கு வெளிச்சம், பஸ்ஸெல்லாம் பேட்டரிக்கு மாறப்போவது என்று ஒன்று விடாமல் சொன்னேன். எங்கள் எம்.எல்.ஏ. எனக்கு எதிரில் நடந்து நடந்து சொன்னதெல்லாம் ஒரு சொல் சிந்தாமல் எனக்குள் இருந்திருக்கிறது. தோப்புக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஒங்க தோட்டத்துலயும்தானத்தா டவரு நிக்கிது?"

"நிக்கிது. அதுக்கு? சட்டம் நல்ல சட்டம்ணே."

"அதுல ஒரு தப்பு இருக்குத்தா" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பிப் பார்க்கவே வேண்டாம். அவர்தான். கூட ஆள் இல்லை, கையில் ஒரு துணிப்பை. முடி முழுக்க நரைத்துவிட்டது. பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் ஒரு ஆளாக நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"அந்தச் சரத்த நான் விட்டிருக்கக் கூடாது" என்றார். "யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், நான் செஞ்சது தப்புத்தான்த்தா. ஒங்ககிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன்."

இத்தனை நாளாக நான் எதிர்பார்த்தது அந்த வார்த்தையைத்தான். கல் சாய்ந்த அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் அவர் காலில்கூட விழுந்திருப்பேன். இப்போது அதைக் கேட்டதும் உடம்பெல்லாம் எரிந்தது. என் மாமனார் ஊன்றின கல்லைப் பிடுங்கிக் கொடுத்தாயிற்று. அது தப்புக்குப் போனதென்றால் நான் எப்படித் தூங்குவேன்?

"பேசாதீக!" என்றேன். பஸ் ஸ்டாண்டே திரும்பியது. "நல்ல சட்டம் அது. அதுக்கு நான் எம் பந்தலக் குடுத்திருக்கேன், நீங்க என்னத்தக் குடுத்தீக? அதத் தப்புன்னு சொல்றதுக்கு ஒங்களுக்கு உரிமை கெடையாது. இனி எவன்கிட்டயாச்சும் அப்படிச் சொன்னீகன்னு கேள்விப்பட்டேன், நடக்குறதே வேற!"

அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. பஸ் வந்தது. இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பி ஊரைத் தாண்டியும் நான் நிறுத்தவில்லை, வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டும் வந்தேன்.

பக்கத்தில் இருந்த அம்மா பயந்துபோய், "யாரத்தா இந்தத் திட்டு திட்டுற?" என்று கேட்டாள்.

"எங்க எம்.எல்.ஏ.வ" என்றேன்.